கரண்ட் இல்லாத கம்பி

கரண்ட் இல்லாத கம்பி கம்பியே இல்லை என்று ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். குடித்துவிட்டுச் சொல்லவில்லை. காலை வேளை, தலை வாரி, சட்டைப் பையில் பேனா குத்தி, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். பெரிய பருத்திக் காட்டுக்குச் சொந்தக்காரர். என்ன செய்து கொடுத்தாலும் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்பார், அதனால் எங்களுக்குள் அவர் பெயரே இன்னும்கொஞ்சம். அன்றைக்கு என் அக்கா புருஷன் மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. அதற்கு இந்த மனிதர் பாதிக் காரணம். மீதிப் பாதி யார் என்பதுதான் எங்கள் குடும்ப விவகாரம்.

அத்தான் வயலுக்கு மருந்தடிக்கிற விமானம் ஓட்டுகிறார். ஒரே ஒரு ஆள் உட்காரலாம். அவருக்கு முன்னால் மருந்துத் தொட்டி, இறக்கைக்கு அடியில் நீளமாகத் தெளிப்புக் குழாய். பயிருக்கு மேல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பறந்து, வயல் கோடியில் மூக்கைத் தூக்கி, திரும்பி, மறுபடி இறங்கி அடுத்த பட்டைக்கு வர வேண்டும். மற்ற விமானிகள் மேகத்துக்கு மேலே உட்கார்ந்து காபி குடிப்பார்கள். நம்மவர் எந்த இலையில் எந்தப் புழு என்று விசாரிக்கிற உயரத்தில் போகிறவர். கூட வேலை பார்க்கும் விமானிகள் அவருக்குப் புல்வெட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிண்டலுக்கு வைத்ததை அவர் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிறார்.

கீழே இருப்பவள் நான். மருந்து கலப்பது, தொட்டி நிரப்புவது, லாரி ஓட்டுவது, யாராவது கத்தினால் வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் என் உத்தியோகம். ரேடியோவில் அத்தான் என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார். வாய் இல்லாவிட்டால் இந்த வேலையில் நாய்கூட மதிக்காது என்பது அவருக்குத் தெரியாது.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவள் அக்கா. மருந்து டின் தூக்கித் தூக்கி முதுகு போனதும் என் தலையில் கட்டினாள். கட்டும்போது ஒரு வழக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். கம்பி ஓடுகிற வயல் என்றால், ஒவ்வொரு முறை திரும்பி இறங்குவதற்கு முன்னாலும் அத்தான் ரேடியோவில் வாய்விட்டு "கம்பி" என்று சொல்ல வேண்டும். கீழே இருக்கிறவள் "கேட்டது" என்று பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை என்றால் விடாமல் கேட்டு நச்சரிக்க வேண்டும்.

"கண்ணு பாத்துட்டு மறந்துடும். வாய் சொன்னாத்தான் மண்டையில நிக்கும்" என்பாள் அக்கா.

அக்கா கீழே நின்ற காலத்தில் அத்தான் பூனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். நான் வந்ததும் ரோஷம் வந்துவிட்டது. அந்த ரேடியோ அலைவரிசையில் பக்கத்துக் காடுகளில் பறக்கிறவர்களுக்கும் காது இருக்கிறதல்லவா. "என்ன புல்வெட்டி, கம்பி ஜபம் முடிஞ்சுதா?" என்று எவனாவது குறுக்கே விழுந்து கேட்பான். இத்தனை வருஷம் ஓட்டியவன், பொண்டாட்டி சொல்லிக் கொடுத்த பாடத்தை ஊர் கேட்க ஒப்பிக்க வேண்டுமா என்று அத்தானுக்கு மானம் போகும். உயிர் போவதைவிட அவருக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார். "தெரியாத கம்பிதான் ஆளை அடிக்கும். தெரிஞ்ச கம்பி சொந்தக்காரன் மாதிரி. ஒண்ணும் பண்ணாது."

"சொந்தக்காரன் ஒண்ணும் பண்ண மாட்டான்னு உங்களுக்கு யார் சொன்னது அத்தான்?" என்று கேட்டேன். அவருக்கு நான்கு பங்காளிகள் இருக்கிறார்கள்.

அன்றைக்குக் காலையில் இன்னும்கொஞ்சத்தின் காட்டுக்குப் போனோம். ஓடுதளத்தை ஒட்டினாற்போல்தான் அவர் காடு, நின்ற இடத்திலிருந்தே முக்கால்வாசி தெரியும். இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, வழக்கம்போல, புதிதாகக் கம்பமோ கம்பியோ வந்திருக்கிறதா என்பது.

"ஒண்ணும் இல்லம்மா. போன தடவை பாத்த அதே காடுதான். சீக்கிரம் ஆரம்பிங்க, காத்து வந்துடும்."

ஒன்றும் இல்லை என்று ஒருவர் அவசரமாகச் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். லாரியை எடுத்துக்கொண்டு காட்டைச் சுற்றி ஒரு வட்டம் போனேன். கம்பியைத் தேடக் கூடாது, தேடினாலும் கிடைக்காது. மேலே இருப்பவர் கண்ணுக்கு அது வானத்தின் நிறத்தில் வானத்தோடு போய்விடும். தேட வேண்டியது கம்பத்தை. கம்பம் நடுகிறவன் அழகுக்காக நட மாட்டான். அந்தக் கோடி மூலையில், வெள்ளையடித்த வாசம்கூடப் போகாத ஒரு பம்பு ரூம் நின்றது. சாலையில் ஓடும் பழைய லைனிலிருந்து காட்டின் மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு புத்தம் புதுக் கம்பங்கள். அவற்றின் தலையில் ஒரே ஒரு கம்பி மட்டும் இழுத்திருந்தார்கள். மீதிக் கம்பிகள் சுருள் சுருளாகக் கீழே கிடந்தன.

திரும்பி வந்து கேட்டேன். அப்போதுதான் அந்தப் பொன்மொழி பிறந்தது.

"அதுவா? அதுல இன்னும் கரண்டே குடுக்கலையேம்மா. கரண்ட் இல்லாத கம்பி ஒரு கம்பியா?"

"பிளேனுக்குக் கரண்ட் பிரச்சினை இல்லைங்க. கம்பிதான் பிரச்சினை."

"தொட்டாக்கூட ஒண்ணும் ஆகாதும்மா. நானே தொட்டுப் பாத்தேன்."

"நீங்க எவ்வளவு வேகத்துல போய்த் தொட்டீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு வாய் இருக்கிற பெண்ணை எப்படி வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று யோசித்திருப்பார். எனக்கென்ன, நான் அத்தானிடம் போய் விவரமாகச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஏறிப் போய், உயரத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரேடியோவில் வந்தார்.

"பாத்துட்டேன். மூலை, புதுக் கம்பம், பம்பு ரூம். கம்பி பம்பு ரூம் பக்கமா சரிஞ்சு போகுது. திருப்தியா வாயாடி?"

"திருப்தி. ஒவ்வொரு தடவையும் சொல்லுங்க."

சொன்னார். அதை நான் மறைக்க மாட்டேன். முதல் சில சுற்றுகளில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வருகைப் பதிவுக்குக் குரல் கொடுப்பது போல, வேண்டுமென்றே இழுத்து இழுத்து "கம்பீ" என்றார். நான் "கேட்டது" என்றேன். நேராக வந்து, கம்பிக்கு முன்னால் எழும்பி, தாண்டி, மறுபடி இறங்கினார். அந்தத் தாண்டல் ஒவ்வொரு முறையும் அவ்வளவு சுத்தமாக இருந்தது. என் அத்தானை எனக்குப் பிடிக்காதென்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் ஓட்டுகிற அழகைப் பார்க்கும்போது எனக்கே கர்வமாக இருக்கும்.

இரண்டாவது தொட்டிக்கு அந்த "கம்பி" ஒரு "ம்" ஆகச் சுருங்கியது. அதற்கடுத்த தொட்டிக்கு அதுவும் இல்லை.

"அத்தான், வாய் எங்க போச்சு?"

"தெரிஞ்ச கம்பிதானே. விடு."

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். கம்பி புளிக்காது, அதுதான் சிக்கல். நான் ஒவ்வொரு சுற்றுக்கும் இங்கிருந்து "கம்பி, கம்பி" என்று கத்திக்கொண்டே இருந்தேன். அவர் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

கடைசித் தொட்டியும் முடிந்தது. காற்று லேசாகக் கிளம்பியிருந்தது. அத்தான் ஓடுதளத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார். நான் ரப்பர் கையுறையோடு, தொட்டிக்கு மருந்து ஏற்றும் குழாயைத் தண்ணீர்விட்டு அலசிக்கொண்டிருந்தேன். லாரி நிழலில் நின்ற இன்னும்கொஞ்சம், பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலக் காட்டைப் பார்த்தார். பிறகு, கேட்கவே வேண்டாம், லாரிக்குள் கையை விட்டு ரேடியோவை எடுத்தார்.

"தம்பி, அந்த பம்பு ரூம் மூலையில இன்னும் கொஞ்சம் விட்டுப்போச்சு பாருங்க."

விட்டுப்போச்சு என்ற சொல்லை என் அத்தான் தாங்க மாட்டார். சாப்பாடு விட்டுப்போச்சு என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார், ஒரு பட்டை விட்டுப்போச்சு என்று சொல்லிவிடக் கூடாது. தொட்டியில் அடிமட்டத்தில் மிச்சம் இருந்திருக்கும். விமானம் சட்டென்று சாய்ந்து திரும்பியது. அதுவரை நீளவாக்கில் போனவர் இப்போது காட்டின் குறுக்கே, மூலையைக் குறிவைத்து இறங்கினார். கண் முழுக்க அந்த விட்டுப்போன துண்டின் மேல்தான் இருக்கும் என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

குழாயைப் போட்டுவிட்டு ஓடினேன். இன்னும்கொஞ்சம் ரேடியோவை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு, "ஆமா, அங்கதான், அங்கதான்" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தார். கட்டை விரல் பொத்தானைவிட்டு எழவே இல்லை. அந்தப் பொத்தானை ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்வரை அலைவரிசையில் வேறு யார் சொல்வதும் யாருக்கும் சரியாகக் கேட்காது. பக்கத்துக் காட்டுக்காரன் பார்த்துச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. அவர் கையை முறுக்கி அதைப் பிடுங்கி, "கம்பி" என்றேன்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. பழைய கதவின் தாழ்ப்பாள் உடைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு பக்க இறக்கை தாழ்ந்தது, வால் உதறியது, விமானம் பருத்திக்குள் இறங்கி மறைந்துவிட்டது. அக்காவிடம் போய் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று அந்த நேரத்தில் என் புத்தி தேடியதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது. பிறகு செடிகளுக்கு மேலே, கோணலாக, இரைந்துகொண்டு அது எழுந்தது.

சக்கரத்துக் காலிலும் கண்ணாடிக்கு முன்னாலும் கம்பியை அறுக்கிற கத்தி வைத்திருப்பார்கள். அது தன் வேலையைச் செய்திருந்தது. அறிவு வேலை செய்யாத இடத்தில் இரும்பாவது வேலை செய்ததே. தெளிப்புக் குழாயில் ஒரு பக்கம் பிய்ந்து தொங்க, சக்கரத்துக் காலில் கம்பி சுற்றியிருக்க, அத்தான் இறங்கி ஓடுதளத்தில் நிறுத்தினார். என்ஜின் நின்றது. ஆள் இறங்கவில்லை. நான் ஏறிப் போய்ப் பார்த்தால், முன்னால் எதையோ வெறித்துக்கொண்டிருந்தார்.

"பாத்திருந்தேன்" என்றார். "காலையிலிருந்து பாத்துட்டேதான் இருந்தேன்."

கட்டிப்பிடித்து அழுவதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில், இறங்குங்கள் என்று திட்டினேன்.

இன்னும்கொஞ்சம் மோட்டார் பைக்கில் மூலைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தார். முகம் வாடியிருந்தது. ஒரு கம்பம் சாய்ந்துவிட்டதாம். "நல்லவேளை, கரண்ட் குடுக்கல. குடுத்திருந்தா என் மோட்டாரே போயிருக்கும்" என்றார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோங்க" என்றேன்.

"அதான் நானும் நினைச்சேன்" என்றார், பாவம், நான் அவருடைய தலையைச் சொல்வதாக எண்ணிக்கொண்டு. பிறகு தயங்கித் தயங்கி, "அந்த மூலை அப்படியேதான் இருக்கு. தொட்டியில இன்னும் கொஞ்சம்" என்று ஆரம்பித்தார்.

என் கையில் மறுபடி குழாய் இருந்தது. அதில் வெறும் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது என்பது அவர் செய்த புண்ணியம். பேனா உட்பட நனைந்து வீட்டுக்குப் போனார்.

திரும்பும் வழியில் லாரியில் அத்தான் வாயைத் திறந்தார். "உங்க அக்காகிட்ட எதுவும் சொல்லாத."

"நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். கேட்டா மறைக்க மாட்டேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அவரே முந்திக்கொண்டார். "அந்த ஆளு புதுசாக் கம்பி இழுத்துட்டு, கேட்டா ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டான். லேசா உரசிடுச்சு." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மொத்தமாகச் சேர்த்தால் பச்சைப் பொய். அக்கா அந்த மனிதரின் ஏழு தலைமுறையையும் எழுப்பி நிறுத்தித் திட்டினாள். திட்டிக்கொண்டே நடுவில் ஒரு முறை என்னைப் பார்த்தாள். கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விமானத்தை மெக்கானிக் பிரித்துப் போட்டுவிட்டார். அத்தான் வீட்டோடு கிடந்தார். சக்கரத்திலிருந்து நான் பிரித்தெடுத்த கம்பியை அவர் லாரி சீட்டுக்கு அடியில் சுருட்டி ஒளித்து வைத்திருந்தார். ஏதோ தேடப் போன அக்கா அதை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நல்ல கம்பியா இருக்கே. துருப் பிடிக்காது" என்றாள்.

அன்றைக்கே அதைத் துணி காயப்போடும் கொடியாகக் கட்டிவிட்டாள். எங்கே கட்டினாள் என்பதுதான் விசேஷம். வாசற்படியிலிருந்து கேட்டுக்குப் போகும் வழியில், குறுக்கே. சுவரில் ஆணி அடித்து, மறுமுனையை வேலித் தூணில் இழுத்துக் கட்டினாள். நானும் அக்காவும் குட்டை, அடியில் நிமிர்ந்தே போகலாம். அத்தானுக்குச் சரியாகப் புருவ உயரம்.

"இங்கதான் கட்டணுமா?" என்றார் அத்தான்.

"இங்கதான் வெயில் வருது. போர்வை தரையில படக் கூடாதில்ல?" என்றவள், உள்ளே போகும்போது மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள். "தெரிஞ்ச கம்பிதானே. நீங்க குனிஞ்சு போக மாட்டீங்களா?"

குனிந்துதான் போனார். கொடியில் துணி தொங்கும் நாட்களில் எல்லாம் மகாராஜா மாதிரி லேசாகத் தலையைச் சாய்த்துப் போவார், வருவார். பார் எவ்வளவு எளிது என்பது போல என்னை ஒரு பார்வை வேறு. அக்கா எதையும் பார்க்காதவள் போலக் காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் காலையில் மெக்கானிக் போன் செய்தார். விமானம் தயார், வந்து ஓட்டிப் பார்க்கலாம். அத்தானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் லாரியை எடுத்து வாசலில் நிறுத்தினேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார், கொடிக்குக் குனிந்தார், லாரியில் ஏறினார். கறுப்புக் கண்ணாடியை மறந்துவிட்டது ஞாபகம் வந்து இறங்கினார், கொடிக்குக் குனிந்தார், உள்ளே போனார். நான் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்த்து "வரேன், வரேன்" என்று ஓடி வந்தார். அன்றைக்குக் கொடியில் ஒரு துணிகூட இல்லை.

அடித்த வேகத்தில் பின்னால் சாய்ந்து, பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அளவுகோல் வைத்து இழுத்தது போல ஒரு சிவப்புக் கோடு. அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள். அதுவரை எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அக்கா ஈரத் துணியோடு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நெற்றியில் துணியை வைத்து அழுத்தினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"இங்க கம்பி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"இப்பக்கூட ரெண்டு தடவை குனிஞ்சு போனீங்களே."

"ஆமா."

"அப்புறம்?"

அத்தான் கையிலிருந்த கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மறந்துட்டேன்."

"அங்கயும் இப்படித்தானா?"

அத்தான் என்னைப் பார்த்தார். பேசுவதற்காகவே பிறந்தவள் நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இதற்கு அவரேதான் பதில் சொல்ல வேண்டும்.

"அங்கயும் இப்படித்தான்" என்றார். "அவன் சொல்லாட்டியும் இவ சுத்திப் பாத்துச் சொன்னா. நானும் பாத்தேன். காலையிலிருந்து தாண்டிட்டுத்தான் இருந்தேன். ஒரு மூலை விட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. திரும்பினேன். அது அங்க இருக்கறதே என் மனசுல இல்ல."

அக்கா ஈரத் துணியை அவர் மடியில் வீசி எறிந்தாள். அழுதாள். அவள் அழுது நான் பார்த்து வெகு காலம் ஆகிறது. முதுகு வலியில் எழ முடியாமல் கிடந்தபோதுகூட அவள் அழவில்லை.

"எத்தனை வருஷம் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டே இருந்தேன். நீங்க இறங்கி வர்ற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். அதைச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இருந்துச்சா?"

அத்தான் வைத்திருந்த தத்துவமும் அந்தக் கோட்டோடு போய்விட்டது. ஹாரன் அடித்த குற்றத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் போய் வேலித் தூணில் கொடியின் முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"அவுக்காத" என்றார் அத்தான். "அது அங்கயே இருக்கட்டும்."

எழுந்தார். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார். கேட்டைப் பார்த்து நடந்தவர், கொடிக்கு ஒரு அடி முன்னால் நின்றார். தெருவில் பால்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. அத்தான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கம்பி" என்றார்.

அக்கா தரையில் உட்கார்ந்தபடியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கேட்டது" என்றாள்.